ஓ.டி.பி சொல்லாதேன்னு சொல்றதுக்கு முன்னாடி

ஊர்ல யாராவது போன் வழியா பணத்தைப் பறிகொடுத்துட்டா, மெட்ராஸ்லேர்ந்தும் பெங்களூர்லேர்ந்தும் வர்ற முதல் கேள்வி ஒண்ணுதான். "ஓ.டி.பியை ஏன் சொன்னீங்க?" எவ்வளவு போச்சுன்னு கேக்க மாட்டாங்க. சாப்பிட்டீங்களான்னும் கேக்க மாட்டாங்க. அடுத்த வரி இன்னும் மோசம். "அதான் டிவியில, ரேடியோவுல, போன் பண்ணா ரிங்குக்கு முன்னாடி எல்லாம் சொல்றானே, காதுல விழலையா?"

அது கேள்வி இல்ல, தீர்ப்பு. திருடனைப் பிடிக்க முடியல, அதனால திருட்டுக் கொடுத்தவனைப் பிடிச்சு நிறுத்துறோம். கும்பகோணம் பக்கம் நாலு ஏக்கர்ல நெல்லும் உளுந்தும் போட்டுட்டு இருக்கிற எனக்கு, இந்தத் தீர்ப்பு மேல கடுமையான கோபம் இருக்கு. நகரத்துல இருந்து இதைப் படிக்கிறவங்ககிட்ட அந்தக் கோபத்தை இறக்கி வெக்கத்தான் இதை எழுதுறேன். கூடவே, உங்க வீட்டுப் பெரியவங்க காசைக் காப்பாத்த என்ன செய்யலாம்னும் சொல்லிடறேன். வெறும் கோபத்தால ஒரு மூட்டை நெல்லும் விளையாது.

முதல்ல ஒரு கணக்கு. ஒரு சாதாரண விவசாயி மாசத்துல எத்தனை தடவை ஓ.டி.பியை வாய்விட்டுச் சொல்றான்னு யோசிச்சிருக்கீங்களா? கேஸ் சிலிண்டர் வருது. கொண்டு வர்ற தம்பி, "போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்கம்மா"ன்னு வாசல்ல நின்னு கேக்கிறார். சொல்லாட்டி சிலிண்டர் இறங்காது. இ-சேவை மையத்துல வருமானச் சான்றுக்கு விண்ணப்பிக்கப் போனா ஓ.டி.பி. ரேஷன் கார்டுல போன் நம்பரை மாத்தப் போனா ஓ.டி.பி. விவசாயிகளுக்கான தனி அடையாள எண் பதிவு 2025ல ஊர் ஊரா நடந்துச்சே, அங்கே ஆதார், சிட்டா, போன் மூணையும் எடுத்துட்டு வரிசையில நிக்கணும். ஓ.டி.பி வரும், எதிர்ல கம்ப்யூட்டர் வெச்சிருக்கிறவர் கேப்பார், சொன்னாத்தான் பதிவு நகரும். அவங்களைக் குத்தம் சொல்லல. அந்த முறையே அப்படி.

ஆக, காலையில அரசாங்கமே கேட்டு வாங்குது, மத்தியானம் கேஸ்காரர் கேட்டு வாங்குறார், சாயங்காலம் ஒரு திருடன் கேக்கிறான். மூணு பேரும் ஒரே தோரணையில, ஒரே வார்த்தையில கேக்கிறாங்க. "சார், உங்க நம்பருக்கு ஒரு ஓ.டி.பி வந்திருக்கும் பாருங்க." இதுல மூணாவது ஆள் திருடன்னு 68 வயசுக் கிழவர் கண்டுபிடிக்கணும். கண்டுபிடிக்கலைன்னா அவர் முட்டாள். இது என்ன நியாயம்?

"ஓ.டி.பியை யாரிடமும் சொல்லாதீர்கள்"ங்கிறது எங்க ஊர் நடப்புல ஒரு பொய். சொல்லாம இங்கே வாழ முடியாது. நடைமுறைக்கு ஒத்து வராத அறிவுரையை ஆயிரம் தடவை சொன்னா, ஜனங்க அதைக் கோயில் மைக் சத்தம் மாதிரி எடுத்துக்குவாங்க. காதுல விழும், உள்ளே போகாது.

அதனால நான் எங்க தெருவுல வேற மாதிரி சொல்லிட்டு வர்றேன். ஓ.டி.பி கேட்டா ரெண்டே கேள்வி. நான் அவனைத் தேடிப் போனேனா, அவன் என்னைத் தேடி வந்தானா? இது முதல் கேள்வி. நானாப் போயி வரிசையில நின்னு, எதிர்ல ஆளைப் பார்த்துச் சொல்ற நம்பர் வேற. சிலிண்டர் நான் பதிவு பண்ணது, கண்ணு முன்னாடி இறங்குது, அதுவும் வேற. எவனோ போன் போட்டு அவனாக் கேக்கிற நம்பர்னா, அவன் கலெக்டர் ஆபீஸ்னு சொன்னாலும் சரி, சொல்லக் கூடாது. ரெண்டாவது கேள்வி: வந்த செய்தியில என்ன எழுதியிருக்கு? அந்த நம்பர் எதுக்காகன்னு அந்தச் செய்தியிலேயே போட்டிருக்கும். ரேஷன் கார்டுன்னு சொல்லிக் கேக்கிறான், செய்தியில இத்தனை ரூபான்னு போட்டிருக்குன்னா வெச்சுடு போனை.

இங்கேதான் அடுத்த அநியாயம் வருது. அந்தச் செய்தி எந்த மொழியில வருது? பெரும்பாலும் இங்கிலீஷ்ல. பத்து ரூபா ரீசார்ஜ் விளம்பரம் தமிழ்ல வருது, ஜோசியம் கேக்கணுமான்னு தமிழ்ல வருது. "இந்த எண்ணைச் சொன்னால் உங்கள் கணக்கிலிருந்து 49,000 ரூபாய் போய்விடும்"ங்கிற ஒரே முக்கியமான செய்தி மட்டும் இங்கிலீஷ்ல வருது. படிக்கத் தெரியாத மொழியில எச்சரிச்சுட்டு, எச்சரிச்சோமேன்னு கை கழுவுறது எந்த ஊர் தர்மம்? எங்க ஊர்ல பூச்சிமருந்து டப்பாவுல கூட அபாயத்துக்கு ஒரு சிவப்பு முக்கோணம் போட்டிருக்கான். எழுத்து தெரியாதவனுக்கும் புரியணும்னு. வங்கிகளுக்கு அந்த அளவு அக்கறை கூட இல்லை.

இன்னொண்ணு சொல்றேன். இப்ப நடக்கிற திருட்டுல பாதிக்கு ஓ.டி.பியைச் சொல்லவே வேணாம்.

எனக்குப் பெரியப்பா முறை ஒருத்தர். குறுவை அறுத்து 40 கிலோ சிப்பம் 82 கொள்முதல் நிலையத்துல போட்டார். சன்ன ரகம், குவிண்டாலுக்கு 2,545 ரூபா. 83,476 ரூபா கணக்குல ஏறிச்சு. அதுல உரக்கடைப் பாக்கி இருக்கு, அறுப்பு மிஷின் வாடகை இருக்கு, சங்கத்துல மீட்க வேண்டிய நகை இருக்கு. நாலு நாள் கழிச்சு ஊர் வாட்ஸ்அப் குழுவுல ஒரு செய்தி. பி.எம். கிசான் தவணை நிறுத்தப்பட்டுள்ளது, கீழே உள்ள ஆப்பில் கே.ஒய்.சி முடிக்கவும். அனுப்பினது யாரோ வடக்கத்தி ஆள் இல்ல, எங்க ஊர்ப் பையன்தான், தினமும் டீக்கடையில பாக்கிற பையன். அவன் அனுப்பலை, அவன் போன் அனுப்பிச்சு. அவனும் அதுக்கு முந்தின நாள் அதே வலையில விழுந்தவன், அவனுக்கே தெரியாது.

பெரியப்பா அதைத் தொட்டார். போன் ஏதேதோ அனுமதி கேட்டுச்சு, எல்லாத்துக்கும் சரின்னு குடுத்தார். அசோகச் சின்னம் போட்ட பக்கம் வந்துச்சு. ஆதார் நம்பர், ஏ.டி.எம் கார்டு நம்பர் கேட்டுச்சு, குடுத்தார். "நன்றி, 24 மணி நேரத்தில் சரிபார்க்கப்படும்"னு வந்துச்சு. ராத்திரி மூணு தடவையாப் பணம் போயிடுச்சு. மறுநாள் உரக்கடையில காசு குடுக்கப் போனப்பதான் தெரிஞ்சுது.

வங்கியில கேட்ட முதல் கேள்வி, "ஓ.டி.பி சொன்னீங்களா?" அவர் சொன்னது இன்னும் என் காதுல இருக்கு. "நான் யார்கிட்டயும் ஒரு நம்பரும் சொல்லலடா தம்பி. என் போன்ல எதுவும் வரவே இல்லடா." யாரும் நம்பலை. அவர் சொன்னது அத்தனையும் சத்தியம். அந்த ஆப் அவர் குறுஞ்செய்தியைப் படிக்க அனுமதி வாங்கியிருக்கு. ஓ.டி.பி வந்த மாத்திரத்துல அதுவே எடுத்து எங்கேயோ உக்காந்திருக்கிறவனுக்கு அனுப்பிடுச்சு. பெரியப்பா கண்ணுக்கு எட்டாம பாத்துக்கிட்டுச்சு. வாய் திறக்காத மனுசனைப் பாத்து ஏன் சொன்னேன்னு கேட்டா அவர் என்ன பதில் சொல்லுவார்?

இந்த மாதிரிக் கோப்பு ஏ.பி.கே ன்னு முடியும். பி.எம். கிசான்னு வரும், கல்யாணப் பத்திரிகைன்னு வரும், வண்டிக்கு அபராதம்னு வரும், வங்கிப் பேர்லயும் வரும். பேரு எதுவா இருந்தாலும் ஏ.பி.கே ன்னு வாட்ஸ்அப்ல வந்தா தொடக் கூடாது, அனுப்பினது சொந்தத் தம்பியா இருந்தாலும். கல்யாணப் பத்திரிகைன்னா படமா வரும், இல்லை பி.டி.எஃப்பா வரும். ஆப்பா வராது. இவ்வளவுதான் விஷயம். இதை எந்த ரிங்டோன்லயும் நான் கேட்டதில்லை.

பெரியப்பா ஏன் நம்பினார்? பேராசையா? பி.எம். கிசான் வருசத்துக்கு 6,000 ரூபா, மூணு தவணையா 2,000. 2019லேர்ந்து வர்ற பணம். கே.ஒய்.சி முடிக்கலைன்னா தவணையை நிறுத்துவாங்கங்கிறது கட்டுக்கதை இல்ல, நிஜமான விதி. நிஜமாவே நின்னுபோய் வேளாண் ஆபீசுக்கும் வங்கிக்கும் நடையா நடந்தவங்க எங்க ஊர்லயே இருக்காங்க. திருடன் புதுசா ஒரு பயத்தைக் கண்டுபிடிக்கலை. ஏற்கெனவே எங்க வயித்துல இருக்கிற பயத்தை எடுத்து எங்க மேலயே வீசறான், அவ்வளவுதான்.

"எம் பேரு, ஊர் பேரு எல்லாம் சரியாச் சொன்னானே"ன்னு சொல்றவங்க நிறைய. சொல்லத்தான் செய்வான். பி.எம். கிசான் பயனாளிகள் பட்டியல் ஊர் வாரியா அந்த இணையதளத்திலேயே இருக்கு, யார் வேணாலும் எடுத்துப் பாக்கலாம். நூறு நாள் வேலை விவரங்களும் அப்படித்தான். கள்ளக் கணக்கு எழுதாம இருக்க அந்த வெளிப்படைத்தன்மை வேணும், நான் மறுக்கலை. ஆனா அதோட இன்னொரு பக்கத்தையும் ஜனங்ககிட்ட சொல்லணுமா வேணாமா? உன் பேரைச் சரியாச் சொல்றவன் அரசாங்க ஆளாத்தான் இருக்கணும்னு இல்லை. பட்டியல் படிக்கத் தெரிஞ்சவனா இருந்தாப் போதும்.

ஆசைப்பட்டு ஏமாறுறது வேற. கொங்கு பக்கம் ஈமு கோழி வளர்த்தா மாசாமாசம் காசு கொட்டும்னு ஓடினாங்களே, 2012ல எல்லாம் வெடிச்சுதே, அதுல நிறைய படிச்சவங்க, சம்பளக்காரங்க பணமும் போச்சு. அது ஆசை. தனக்கு வர வேண்டிய 2,000 ரூபா நின்னுடுமோன்னு பதறுறது ஆசை இல்லை. ரெண்டையும் ஒரே தராசுல வெக்காதீங்க.

"படிக்காத ஜனம், அதான்" அப்படின்னு சொல்ற வாய்க்கும் ஒரு பதில் இருக்கு. டிஜிட்டல் கைதுன்னு ஒரு கூத்து நடக்குது. வீடியோ கால்ல காக்கிச் சட்டை போட்டவன் வருவான். உங்க பேர்ல வந்த பார்சல்ல போதைப் பொருள் இருக்கு, உங்களைக் கைது பண்ணியாச்சு, கேமரா முன்னாடியே உக்காருங்கன்னு சொல்லுவான். அதுல மாட்டுறது யாரு? ஓய்வு பெற்ற அதிகாரிங்க, டாக்டருங்க, ஐ.டி. ஆளுங்க. ஊர்ல இருக்கிறவனைப் பார்சல்னு சொல்லி மிரட்ட முடியாது. அவனுக்கு யாரு பார்சல் அனுப்பப் போறா? 2024 அக்டோபர்ல பிரதமரே தன்னோட வானொலிப் பேச்சுல, சட்டத்துல டிஜிட்டல் கைதுன்னு ஒண்ணே கிடையாதுன்னு சொல்ல வேண்டி வந்துச்சு. படிப்புக்கும் ஏமாறுறதுக்கும் சம்பந்தம் இல்லை. அவங்கவங்க பயம் எங்கே இருக்கோ அங்கேதான் தூண்டில் விழும். உங்களுக்குப் போலீஸ், எங்களுக்குத் தவணை.

அதே நேரம், நாங்க சிரிச்ச கதையும் ஒண்ணு உண்டு. "போன மாத பில் கட்டவில்லை, இன்றிரவு 9.30 மணிக்கு மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே அதிகாரியை அழைக்கவும்" அப்படின்னு ஒரு செய்தி 2022லேர்ந்து சுத்துது. தமிழ்நாட்டுல வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைதான் கணக்கெடுப்பு. எங்க பம்ப்செட்டுக்கோ மின்சாரமே இலவசம். போர் கொட்டாய்ல உக்காந்திருந்த ஒருத்தருக்கு இந்தச் செய்தி வந்தப்ப, "கட்டுறதே இல்ல, எதைடா வெட்டுவே?"ன்னு போனைப் பாத்துத் திட்டினார். விஷயம் தெரிஞ்ச இடத்துல எவனாலயும் அவரை அசைக்க முடியலை. அறிவு இல்லாம இல்ல. எந்த இடத்துல தகவல் போய்ச் சேரலையோ அங்கே ஏமாறுறாங்க.

இணைய முகவரி பத்தியும் ஒரு வார்த்தை. நெடுஞ்சாலையில திருச்சிக்கும் சென்னைக்கும் நடுவுல எத்தனை "கும்பகோணம் டிகிரி காப்பி" போர்டு பாத்திருப்பீங்க? அந்தக் கடை எதுவும் கும்பகோணத்துல இல்லை. போர்டுல எங்க ஊர் பேரு இருக்குங்கிறதுக்காக அது எங்க ஊர்க் கடை ஆயிடுமா? இணைய முகவரியும் அப்படித்தான். நடுவுல வங்கிப் பேரு இருக்கும், பி.எம். கிசான்னு இருக்கும், எவன் வேணாலும் எழுதிக்கலாம். முதல் சாய்கோட்டுக்கு முன்னாடி அந்த முகவரி எப்படி முடியுதுன்னு பாக்கணும். அரசாங்கம்னா பெரும்பாலும் டாட் ஜி.ஓ.வி டாட் இன் ன்னு முடியும். டாட்டுக்குப் பதிலா நடுவுல கோடு போட்டிருந்தா அது போலி. வங்கிகளுக்கு டாட் பேங்க் டாட் இன் ன்னு ஒரு தனி முடிவை ரிசர்வ் வங்கி கொண்டு வந்து, 2025 அக்டோபர் 31க்குள்ள எல்லா வங்கியும் மாறணும்னு சொல்லிச்சு. நல்ல வேலைதான். வங்கியிலேர்ந்து வர்ற போன்களுக்கு 1600ல தொடங்குற எண் வரிசையையும் ஒதுக்கியிருக்காங்க. சாதாரண பத்து இலக்க செல் நம்பர்லேர்ந்து "பேங்க் மேனேஜர் பேசுறேன்"னு வந்தா வெச்சுட்டு, பாஸ்புக்ல இருக்கிற கிளை நம்பருக்கு நாமளே போடணும். கூகுள்ல தேடி எடுக்கிற கஸ்டமர் கேர் நம்பரை நம்பக் கூடாது. அங்கேயும் திருடன் போர்டு மாட்டி வெச்சிருக்கான்.

பழைய பவர் டில்லரையோ வைக்கோல் கட்டையோ விக்கணும்னு போன்ல விளம்பரம் போடுற நம்மாளுங்களுக்கு ஒண்ணு. "முன்பணம் அனுப்புறேன், இந்தக் கியூ.ஆரை ஸ்கேன் பண்ணிப் பின் நம்பர் போடுங்க"ம்பான். ராணுவத்துல இருக்கேன்னு அடையாள அட்டை கூட அனுப்புவான். பணம் வாங்குறதுக்கு ஸ்கேனும் வேணாம், பின்னும் வேணாம். பின் நம்பர் போட்டா நம்ம பணம் வெளியே போகும். உள்ளே வராது. உண்டியல்ல காசு போடப் பூட்டைத் திறக்க வேண்டியதில்லையே.

இனி பணம் போன பிறகு என்ன செய்யணும். இதுதான் அவசரம், இதைத்தான் யாரும் சொல்றதில்லை. 1930. இந்த நாலு இலக்கத்துக்கு உடனே போன் போடணும். மானம் போச்சேன்னு ரெண்டு நாள் வீட்டுக்குள்ளேயே படுத்துக் கிடக்கிறாங்க பாருங்க, அங்கேதான் பணம் முழுசாப் போகுது. திருடின பணம் ஒரு கணக்குலேர்ந்து இன்னொரு கணக்கு, அங்கேருந்து ஏ.டி.எம்னு தாவிக்கிட்டே இருக்கும். மடை உடைஞ்ச உடனே மண்ணு போட்டாத்தான் தண்ணி நிக்கும், வடிஞ்ச பிறகு கரை கட்டி என்ன பிரயோசனம்? சீக்கிரம் சொன்னா வழியில இருக்கிற கணக்கை முடக்கிப் பிடிக்க வாய்ப்பு இருக்கு. கெட்ட ஆப் ஏறியிருந்தா முதல்ல போன்ல இணையத்தை அணைச்சு, சிம்மைக் கழட்டிடணும். பக்கத்து வீட்டு போன்லேர்ந்து 1930க்கும் வங்கிக்கும் பேசணும். முழுசா அழிச்சுப் புதுசாக்குற வரைக்கும் அந்த போனை வங்கி வேலைக்குத் தொடவே கூடாது. அப்புறம் சைபர்கிரைம் டாட் ஜி.ஓ.வி டாட் இன் தளத்துல எழுத்துல புகார்.

வங்கியில "நீங்கதான் சொல்லியிருப்பீங்க"ன்னு சொல்லித் திருப்பி அனுப்பினா திரும்பி வராதீங்க. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6ல ஒரு சுற்றறிக்கை போட்டிருக்கு. வாடிக்கையாளர் மேலயும் வங்கி மேலயும் தப்பில்லாம, வேற எங்கேயோ ஓட்டை விழுந்து பணம் போயிருந்தா, செய்தி வந்த மூணு வேலை நாளுக்குள்ள சொல்லிட்டா அவருக்கு நஷ்டம் கிடையாது. அவரோட கவனக் குறைவால போச்சுன்னா, அவர் வங்கிகிட்ட சொல்ற வரைக்கும் போனது அவர் தலையில. சொன்ன பிறகும் போனா அது வங்கி தலையில. முக்கியமானது இது: வாடிக்கையாளர் மேலதான் தப்புன்னு நிரூபிக்க வேண்டிய பொறுப்பு வங்கியோடது. பெரியப்பா மாதிரி ஆளுங்க விஷயத்துல யாரு மேல தப்புன்னு வாதாடித்தான் ஆகணும். ஆனா வாதமே இல்லாம வாசல்லயே தீர்ப்பு சொல்ல எந்தக் கிளைக்கும் உரிமை இல்லை. எழுதிக் குடுங்க, குடுத்ததுக்கு முத்திரையோட ரசீது வாங்குங்க. 30 நாள்ல பதில் இல்லைன்னா ரிசர்வ் வங்கியோட குறைதீர்ப்பாளர்கிட்ட போகலாம், விசாரிக்க 14448 இருக்கு. கிளையில நாலு போஸ்டர் ஒட்டியிருக்கான், தங்க நகைக்கடன், கார் லோன், காப்பீடு. இந்தச் சுற்றறிக்கையைத் தமிழ்ல ஒட்டின கிளை ஒண்ணு இருந்தா, போய்ப் பாத்துக் கும்பிட்டுட்டு வர்றேன்.

எங்க ஊரையும் விட்டு வெக்கப் போறதில்லை. திருடின பணம் எங்கே போய் இறங்குது? வெளிநாட்டுல இல்லை, முதல்ல நம்ம ஊர்ப் பையங்க கணக்குலதான். "உன் பாஸ்புக்கும் ஏ.டி.எம் கார்டும் குடு, அஞ்சாயிரம் தர்றேன்"னு கேக்க ஒரு கூட்டம் அலையுது. வேலை இல்லாத பையன் குடுத்துடறான். நான் யாரையும் ஏமாத்தலையே, கணக்கைத்தானே குடுத்தேங்கிறான். களவாடின மாட்டைக் கட்டி வெக்கத் தொழுவம் குடுத்தவனும் களவுல பங்குதான். எங்கேயோ ஒரு பெரியப்பாவோட நெல்லுக்காசு அவன் கணக்கு வழியாப் போயிருக்கு. போலீஸ் முதல்ல வந்து நிக்கப் போறதும் அவன் வாசல்லதான்.

இப்போ நகரத்துல இருக்கிற பிள்ளைங்களுக்கு. நீங்க புது போன் வாங்கினதும் பழைய போனை அப்பாவுக்குக் குடுத்தீங்க. ஜிபேயும் நீங்களே போட்டுக் குடுத்தீங்க. எங்க வங்கிக் கணக்குல உங்க நம்பரைக் குடுத்து வெச்சிருக்கீங்க, அதனால வாரத்துக்கு ஒரு தடவை "ஓ.டி.பி வந்துச்சா கண்ணு, சொல்லு"ன்னு நாங்க கேக்க, நீங்களும் ஆபீஸ் மீட்டிங்குக்கு நடுவுல சொல்றீங்க. போன்ல ஓ.டி.பி சொல்றதை வீட்டுப் பழக்கமாக்கினதுல உங்களுக்கும் பங்கு உண்டு. கருவியைக் குடுத்துட்டுப் போயிட்டீங்க. டிராக்டரை வாங்கிக் குடுத்துட்டு பிரேக் எங்கே இருக்குன்னு சொல்லாமப் போற மாதிரி.

அடுத்த தடவை ஊருக்கு வர்றப்ப ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. அப்பா போன்ல, தெரியாத இடத்துலேர்ந்து ஆப் ஏத்துற அனுமதி எதெதுக்கு இருக்குன்னு பாத்து எல்லாத்தையும் மூடுங்க, முக்கியமா வாட்ஸ்அப்புக்கு. குறுஞ்செய்தி படிக்கிற அனுமதி எந்த ஆப்புக்கெல்லாம் இருக்குன்னு பாருங்க. திரையைப் பகிர்ற எனிடெஸ்க் மாதிரி எதுவும் இருந்தா எடுத்துடுங்க. வாட்ஸ்அப்புக்கு ரெண்டாவது பூட்டு, அந்த ஆறு இலக்க எண்ணைப் போட்டு வைங்க. யு.பி.ஐ.யில ஒரு நாள் வரம்பைக் குறைங்க. இது எல்லாத்தையும் விடப் பெரிய காவல் ஒண்ணு இருக்கு: நெல்லுக்காசு வர்ற கணக்கையும் யு.பி.ஐ. கணக்கையும் பிரிச்சுடுங்க. ஜிபே இருக்கிற கணக்குல ரெண்டாயிரம், மூணாயிரம் மட்டும் கிடக்கட்டும். பெரிய பணம் இருக்கிற கணக்குக்கு யு.பி.ஐ.யும் வேணாம், ஏ.டி.எம் கார்டும் வேணாம். பத்தாயத்து நெல்லையும் அன்னாடம் குத்துற நெல்லையும் எங்க ஆத்தா ஒரே பானையில வெச்சதில்லை.

1930ஐ அவங்க போன்ல "பணம் போச்சு"ன்னு பேர் போட்டுச் சேமிங்க. சுவத்துக் காலண்டர்லயும் பெருசா எழுதுங்க. போன் பூட்டிக்கிட்டா காலண்டர் இருக்கும். அப்புறம் ஒரு வாக்குக் குடுங்க. "என்ன ஆனாலும் எனக்கு முதல் போன் போடுங்கப்பா, நான் திட்ட மாட்டேன்." ரெண்டு நாள் மறைச்சு வெச்சுப் பணத்தைத் தொலைக்கிற பாதிப் பேரு திருடனுக்குப் பயந்து மறைக்கலை. உங்க வாய்க்குப் பயந்து மறைக்கிறாங்க.

"அப்போ ஏமாறுறவங்களுக்குப் பொறுப்பே இல்லையா?"ன்னு கேப்பீங்க. இருக்கு. முன்பின் தெரியாத கோப்பைத் தொடாம இருக்கிற பொறுப்பு எங்களுது, அதை நாங்க கத்துக்கிட்டுதான் இருக்கோம். மேல இருக்கிறவங்க பொறுப்பு எங்கே? ஓ.டி.பி செய்தி தமிழ்ல வரணும், தொகை முதல் வார்த்தையா இருக்கணும். வங்கியும் அரசாங்கமும் செய்தியில லிங்க் அனுப்புறதையே நிறுத்தணும், நிறுத்திட்டோம்னு ஊரறியச் சொல்லணும். அப்போ லிங்க் வந்தாலே திருடன்னு சின்னக் குழந்தைக்கும் தெரிஞ்சுடும். முகாம்ல ஓ.டி.பியை வாயால கேக்காம, விவசாயி கையாலேயே அழுத்த வைக்கணும். வயசானவங்க கணக்குலேர்ந்து முன்பின் பழகாத கணக்குக்கு ராத்திரியில அறுபதாயிரம், எழுபதாயிரம் போகுதுன்னா, ஒரு மணி நேரம் நிறுத்தி வெச்சு ஒரு போன் போட்டா குடி முழுகிப் போயிடாது. எங்க பயிர்க்கடன் விண்ணப்பத்தை மாசக்கணக்குல நிறுத்தி வெச்சுச் சரிபாக்கத் தெரிஞ்ச வங்கிக்கு, எங்க பணம் வெளியே போறப்ப மட்டும் ஏன் இவ்வளவு அவசரம்?

அது நடக்கிற வரைக்கும் நீங்க ஒண்ணு செய்யலாம். அடுத்த தடவை ஊர்லேர்ந்து யாராவது உடைஞ்ச குரல்ல "பணம் போயிடுச்சுப்பா"ன்னு போன் பண்ணா, ஏன் சொன்னீங்கன்னு கேக்காதீங்க. எப்பப் போச்சுன்னு கேளுங்க. அந்த போனை வெச்சுட்டு 1930க்குப் போடுங்க. மத்த பேச்சை அப்புறம் பேசிக்கலாம்.